வோர்ட் திறக்கவில்லையா? கைவைக்கும் முன் கண்டுபிடியுங்கள்

இரவு 9 மணி தாண்டியிருந்தது. உயர்நிலை மூன்றில் படிக்கும் மாணவி ஒருவரிடமிருந்து கைப்பேசியில் செய்தி வந்தது. "சார், வோர்ட் திறக்கவே மாட்டேங்குது. ரிப்போர்ட்டை இன்னிக்கு ராத்திரி 11.59க்குள்ள அனுப்பணும்." சின்னத்தைத் தட்டினால் நீல நிறப் பெட்டி தோன்றுகிறது, 'தொடங்குகிறது' என்கிறது, அப்படியே உறைந்துவிடுகிறது. ஆறேழு தடவை தட்டிப் பார்த்துவிட்டாராம். நான் பதில் எழுதுவதற்குள் இரண்டாவது செய்தி வந்தது. "ஃபிரெண்டு கம்ப்யூட்டரை ரீசெட் பண்ணச் சொல்றா. பண்ணிடவா?"

உடனே அழைத்தேன். ரீசெட் செய்யும்போது விண்டோஸ் ஒரு கேள்வி கேட்கும்: உங்கள் கோப்புகளை வைத்துக்கொள்ளவா, எல்லாவற்றையும் அழித்துவிடவா? பதற்றத்தில் இருப்பவரின் விரல் எதன்மேல் படும் என்று சொல்ல முடியாது. ஒளிச்சேர்க்கைச் சோதனைக்காக மூன்று வாரம் எடுத்த அளவீடுகள், வரைபடங்கள், அறிக்கை எல்லாமே அந்த ஒரு மடிக்கணினியின் முகப்புத் திரையில்தான் இருந்தன. வேறெங்கும் நகல் இல்லை.

"எதையும் தொடாதம்மா. வோர்டை விடு. முதல்ல அந்த ஃபைலை உனக்கே ஈமெயில்ல அனுப்பு," என்றேன்.

"வோர்டே திறக்கலையே சார், எப்படி அனுப்புறது?"

பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். உங்கள் கட்டுரை வோர்டுக்குள் இருப்பதில்லை. மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டால் மேசைமேல் இருக்கும் கடிதம் அழிந்துவிடுமா? படிக்க முடியவில்லை, அவ்வளவுதான். வோர்ட் என்பது கண்ணாடி. உங்கள் கோப்பு, வட்டில் தனியாக இருக்கும் கடிதம். வோர்ட் திறக்காவிட்டாலும் கோப்பை மின்னஞ்சலில் இணைக்கலாம், யுஎஸ்பியில் நகலெடுக்கலாம், கூகல் டாக்ஸ் போன்ற வேறொரு கண்ணாடி வழியாகப் படிக்கலாம். 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து வோர்ட் சேமிக்கும் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் பொட்டலம். எழுத்துகள் ஒரு கோப்பாகவும் படங்கள் தனித்தனிக் கோப்புகளாகவும் அதற்குள் அடுக்கப்பட்டிருக்கும். ஆர்வமிருந்தால் ஒரு நகலை எடுத்து, பெயரின் கடைசிப் பகுதியை ஸிப் என்று மாற்றித் திறந்து பாருங்கள். நகலில் மட்டும்!

சிங்கப்பூர் மாணவர்களுக்கு இது வெறும் எச்சரிக்கை அல்ல. 2024 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு, பள்ளிகளில் மாணவர்களின் கற்றல் சாதனங்களை நிர்வகித்த 'மொபைல் கார்டியன்' செயலியின் கணினி அமைப்புக்குள் யாரோ ஊடுருவினார்கள். 26 உயர்நிலைப் பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 13,000 மாணவர்களின் சாதனங்கள் தொலைவிலிருந்தே துடைக்கப்பட்டன. கல்வி அமைச்சு அந்தச் செயலியை எல்லாச் சாதனங்களிலிருந்தும் நீக்கியது. குறிப்புகளுக்கு இன்னொரு நகல் வைத்திருந்தவர்களுக்கு அது தொல்லை. வைத்திருக்காதவர்களுக்கு இழப்பு.

மாணவி கோப்பைத் தனக்கே அனுப்பிக்கொண்டார். மணி 9.20. கூகல் டாக்ஸில் திறந்தபோது எழுத்துகள் வந்துவிட்டன, வரைபடங்கள் மட்டும் இடம்மாறி நின்றன. வேறு வழியில்லாவிட்டால் அதையே அனுப்பலாம். ஆனால் இரண்டரை மணி நேரம் கையில் இருந்தது. வோர்டுக்கு என்னதான் ஆயிற்று என்று பார்க்கலாம் என்று முடிவுசெய்தோம்.

சின்னத்தை நீங்கள் தட்டியதும் நடப்பவற்றை வரிசையாக நினைத்துப் பாருங்கள். முகப்புத் திரையில் இருக்கும் சின்னம் மென்பொருள் அல்ல. அது ஒரு முகவரிச் சீட்டு. "நிரல் இந்தக் கோப்புறையில் இருக்கிறது, போய் எடு" என்று விண்டோஸிடம் சொல்கிறது. விண்டோஸ் அங்கே போய் நிரலை வட்டிலிருந்து தற்காலிக நினைவகத்துக்கு, அதாவது ரேமுக்கு, ஏற்றுகிறது. வோர்ட் தனியாக வேலை செய்யாது, தனக்குத் துணையான பல நூலகக் கோப்புகளையும் கூப்பிடும். பிறகு உங்கள் விருப்ப அமைப்புகள், 'நார்மல்' என்ற வார்ப்புருக் கோப்பு, எழுத்துருக்கள், பிற நிறுவனங்கள் சேர்த்த துணைநிரல்கள், அச்சுப்பொறியின் விவரம், உரிமம் எல்லாம் சரிபார்க்கப்படும். அதன் பிறகுதான் வெள்ளைத் தாள் திரையில் விரியும். சில விநாடிகளில் இத்தனையும் முடிந்துவிடுவதால் நமக்கு ஒரே செயலாகத் தெரிகிறது. 'வோர்ட் திறக்கவில்லை' என்பது நோயின் பெயர் அல்ல. இந்தச் சங்கிலியில் ஏதோ ஒரு கண்ணி அறுந்திருக்கிறது என்ற தகவல் மட்டுமே.

எந்தக் கண்ணி என்று தெரியாமல் பழுதுபார்க்கத் தொடங்கினால் என்ன ஆகும்? முதல் கண்ணியிலேயே ஓர் உண்மைச் சம்பவம் இருக்கிறது. 2023 ஜனவரி 13, வெள்ளிக்கிழமை. உலகின் பல அலுவலகங்களில் வோர்ட், எக்செல் சின்னங்கள் முகப்புத் திரையிலிருந்தும் ஸ்டார்ட் பட்டியலிலிருந்தும் ஒன்றன்பின் ஒன்றாக மறைந்தன. மென்பொருளையே யாரோ நீக்கிவிட்டார்கள் என்று பலர் நினைத்தார்கள். உண்மையில் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் 'டிஃபென்டர்' பாதுகாப்பு மென்பொருளுக்கு அன்று வந்த புதுப்பிப்பில் ஒரு பிழை. ஆஃபிஸ் கோப்புகளுக்குள் ஒளிந்துவரும் கெட்ட நிரல்களைத் தடுப்பதற்கான விதி ஒன்று, அந்த விதியைப் பயன்படுத்திய நிறுவனங்களின் கணினிகளில், அப்பாவிக் குறுக்குவழிச் சின்னங்களைச் சந்தேகப்பட்டு அழித்துவிட்டது. முகவரிச் சீட்டுகள் மட்டுமே போயின. வோர்ட் வட்டில் பத்திரமாக இருந்தது. ஏற்கெனவே எழுதிய ஒரு கோப்பை நேரடியாக இருமுறை தட்டினால் திறந்துகொள்ளும். சீட்டு தொலைந்ததா, வீடே தொலைந்ததா என்று பிரித்தறிய அந்த ஒரு சோதனை போதும். பின்னர் சின்னங்களைத் திரும்ப உருவாக்கும் சிறு நிரலை மைக்ரோசாஃப்ட் வெளியிட்டது.

எங்கள் மாணவிக்குச் சின்னம் இருந்தது, நீலப் பெட்டியும் வந்தது. ஆகவே முகவரி சரி. அடுத்த சந்தேகம் விண்டோஸ்மேல். "நோட்பேட் திறக்குதா?" திறந்தது. "பவர்பாயிண்ட்?" அதுவும் திறந்தது. இரண்டு கேள்விகளில் பாதிச் சங்கிலியை நல்லது என்று ஒதுக்கிவிட்டோம். விண்டோஸ் நலம், ரேம் நலம், ஆஃபிஸின் பொதுக் கோப்புகளும் உரிமமும் பெரும்பாலும் நலம்.

விண்டோஸே கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்பதைச் சாங்கி விமான நிலையத்தில் பார்த்தோம். 2024 ஜூலை 19, சிங்கப்பூர் நேரப்படி நண்பகல் 12.09 மணி. 'கிரவுட்ஸ்டிரைக்' என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் தன் மென்பொருளுக்கு ஒரு சிறு தரவுக் கோப்பை உலகெங்கும் அனுப்பியது. அந்தக் கோப்பைப் படிக்கும் பகுதி 21 தகவல்களை எதிர்பார்த்தது. ஆனால் அதற்கு 20 மட்டுமே கொடுக்கப்பட்டிருந்தன. இல்லாத 21ஆவதைத் தேடி, தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தில் கைவிட்டது. வோர்ட் இப்படிச் செய்திருந்தால் விண்டோஸ் அதை மட்டும் மூடிவிடும். இந்த மென்பொருளோ இயங்குதளத்தின் கருப்பகுதிக்குள்ளேயே ஓடியது. அங்கே தவறு நடந்தால் தரவு கெடாமல் இருக்க விண்டோஸ் தன்னையே நிறுத்திக்கொள்ளும். அதுதான் நீலத் திரை. 78 நிமிடங்களில் நிறுவனம் அந்தக் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனால் அதற்குள் ஏறக்குறைய 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் விழுந்துவிட்டன என்று மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கைமுறையாகப் பதிவுசெய்தன. இந்தியாவில் கையால் எழுதிய பயண அனுமதிச் சீட்டுகளின் படங்கள் பரவியது உங்களுக்கு நினைவிருக்கலாம்.

மறுதொடக்கம் செய்தால் சரியாகிவிடாதா? தொடங்கும்போதெல்லாம் அதே கெட்ட கோப்பு முதலில் ஏறிக்கொள்ளும். திருத்திய கோப்பைப் பெற இணையத்துடன் இணையும் முன்பே கணினி விழுந்துவிடும். (15 முறை வரை மறுதொடக்கம் செய்து மீண்ட கணினிகளும் உண்டு என்று மைக்ரோசாஃப்ட் தெரிவித்தது. ஏதோ ஒரு முறை, விழுவதற்கு முன் திருத்தம் வந்து சேர்ந்துவிடுமாம்!) மற்றவற்றுக்கு ஆள் நேரில் போய் விண்டோஸை 'சேஃப் மோட்' எனப்படும் பாதுகாப்பு முறையில் தொடங்கி, அந்த ஒரு கோப்பை அழிக்க வேண்டியிருந்தது.

இந்தப் பாதுகாப்பு முறை என்ன செய்கிறது? புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. வெளியார் சேர்த்த எல்லாவற்றையும் விட்டுவிட்டு, உயிர்வாழக் கட்டாயமானதை மட்டும் வைத்துத் தொடங்கும். ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் நியாயமான சோதனையும் இதுதானே? மற்ற மாறிகளை நிலையாக வைத்து, ஒன்றை மட்டும் மாற்றி, விளைவைக் கவனிப்போம். ஒரே நேரத்தில் ஒளியையும் வெப்பநிலையையும் மாற்றிவிட்டு, குமிழிகள் ஏன் கூடின என்று கேட்டால் பதில் கிடைக்காது. மறுதொடக்கம், புதுப்பிப்பு, மறுநிறுவல் மூன்றையும் ஒரே மூச்சில் செய்துவிட்டு "எப்படியோ சரியாகிவிட்டது" என்பவரும் அதே நிலையில்தான் இருக்கிறார். அடுத்த வாரம் மறுபடி வந்தால் மூன்றையும் மறுபடி செய்வார்.

வோர்டுக்கும் பாதுகாப்பு முறை உண்டு. கன்ட்ரோல் விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டே சின்னத்தைத் தட்டினால், பாதுகாப்பு முறையில் தொடங்கவா என்று கேட்கும். ஆம் என்றால் துணைநிரல்கள் இல்லாமல் திறக்கும். அப்படித் திறந்துவிட்டால் குற்றவாளி துணைநிரல்களில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். எது? ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதில்லை. வடகிழக்கு ரயில் பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஹார்பர்ஃபிரண்ட் முதல் பொங்கோல் வரை 16 நிலையங்கள். எங்கோ ஒரே ஒரு நிலையத்தில் கோளாறு, எங்கே என்று தெரியவில்லை. எட்டாவது நிலையமான பூன் கெங் வரை எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். ஆம் என்றால் கோளாறு பின்பாதியில். மீதி எட்டைப் பாதியாக்கினால் நான்கு, பிறகு இரண்டு, பிறகு ஒன்று. நான்கே கேள்விகள்! 16 துணைநிரல்கள் இருந்தாலும் அப்படித்தான்: எட்டை முடக்கிவிட்டுத் தொடங்கிப் பாருங்கள். 32 இருந்தால் ஐந்து சோதனைகள், 1,024 இருந்தாலும் பத்துதான்.

மாணவியை கன்ட்ரோல் விசையோடு தட்டச் சொன்னேன். பாதுகாப்பு முறையிலும் வோர்ட் உறைந்தது. எனக்குச் சற்று ஏமாற்றமாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதுவும் ஒரு முடிவுதான்: துணைநிரல்கள் குற்றவாளிகள் அல்ல. டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்ததில், ஆறேழு தடவை தட்டியதற்கு அடையாளமாகப் பாதி திறந்த வோர்டுகள் பின்னணியில் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை முடித்துவைத்து மறுபடி முயன்றோம். பலன் இல்லை.

"கடைசியா எப்ப ஒழுங்கா திறந்துச்சு?"

"சனிக்கிழமை சார்."

"அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல என்ன மாறுச்சு?"

"ஒண்ணும் மாறல சார்."

எல்லாரும் சொல்லும் பதில் இது. நானும் சொல்லியிருக்கிறேன். நாம் வேண்டுமென்றே மாற்றியதை மட்டும்தான் மாற்றமாக எண்ணுகிறோம். ஆகவே கேள்வியை மாற்றினேன்: ஞாயிற்றுக்கிழமை இந்த மடிக்கணினி எங்கே இருந்தது? பொங்கோலில் பெரியம்மா வீட்டில் இருந்ததாம். அங்கே தம்பியின் பள்ளி வேலைக்காக நான்கு பக்கம் அச்சிட்டார்களாம்.

அச்சிடுவதற்கும் வோர்ட் திறப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். வோர்ட் உங்கள் பக்கத்தைத் திரையில் காட்டும்போதே, தாளில் அது எப்படி வரும் என்று கணக்கிடுகிறது. வரி எங்கே உடைய வேண்டும், விளிம்பு எவ்வளவு என்பதெல்லாம் அச்சுப்பொறியைப் பொறுத்தது. எனவே தொடங்கும்போதே, முதன்மையாகக் குறிக்கப்பட்ட அச்சுப்பொறியின் விவரத்தைக் கேட்கிறது. பெரியம்மா வீட்டில் கடைசியாகப் பயன்படுத்திய அச்சுப்பொறியை விண்டோஸ் தானாகவே முதன்மை ஆக்கியிருந்தது. இப்போது மடிக்கணினி வேறு வீட்டில், வேறு வைஃபையில். வோர்ட் கூப்பிடுகிறது, பதில் சொல்ல அங்கே யாருமில்லை. பாதுகாப்பு முறையில் துணைநிரல்கள் விலகினாலும் அச்சுப்பொறி விலகுவதில்லை. அதனால்தான் அந்தச் சோதனையும் கைகொடுக்கவில்லை.

அமைப்புகளில் 'பிரிண்டர்ஸ்' பகுதிக்குப் போய், தானாக மாற்றிக்கொள்ளும் வசதியை அணைத்து, விண்டோஸுடனேயே வரும் 'பிரிண்ட் டு பிடிஎஃப்' என்பதை முதன்மை ஆக்கச் சொன்னேன். அது கணினிக்குள்ளேயே இருப்பதால் எப்போதும் பதில் சொல்லும். வோர்ட் திறந்தது. மணி 9.50. ஒரு சொடுக்கு வேலைக்காக மூன்று வார உழைப்பு அழிந்திருக்கும்.

உங்களுக்கு அச்சுப்பொறி காரணமாக இருக்க வேண்டும் என்பதில்லை. 'நார்மல்' வார்ப்புரு சிதைந்திருக்கலாம். அதை அழிக்காமல் பெயரை மட்டும் மாற்றினால், வோர்ட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். சரியாகாவிட்டால் பழைய பெயரைத் திருப்பி வைத்துவிடலாம். திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்த சோதனைகளை முதலில் செய்வது நல்ல பழக்கம். அதன் பிறகே ஆஃபிஸின் 'குவிக் ரிப்பேர்', அதற்கும் அடங்காவிட்டால் இணையம் தேவைப்படும் 'ஆன்லைன் ரிப்பேர்'. மறுநிறுவல் கடைசி. பள்ளிச் சாதனம் என்றால் நீங்களே எதையும் மாற்றாமல், திரையில் வரும் செய்தியைப் படம்பிடித்துப் பள்ளியின் கணினிப் பிரிவிடம் காட்டுங்கள்.

இன்னொரு கண்ணியைப் பற்றிச் சொல்லாமல் விட மனமில்லை. தேக்காவில் டன்லப் ஸ்திரீட் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு மளிகைக் கடை. "தம்பி, எக்செல் கெட்டுப்போச்சு. கணக்கு எழுத முடியல. காலையில ஆன் பண்ணா உள்ளே விடமாட்டேங்குது. சிம் லிம் ஸ்குவேர்ல புது கம்ப்யூட்டரே வாங்கிடலாம்னு பார்க்கிறேன்," என்றார் கடைக்காரர். எக்செல் கணக்கில் நுழையச் சொன்னது, நுழைவுப் பக்கமோ திறக்க மறுத்தது. உலாவியில் எந்த இணையத்தளத்துக்குப் போனாலும் எச்சரிக்கை வந்தது. திரையின் வலது மூலையைப் பார்த்தேன். தேதி 2019 ஜனவரி 1.

பாதுகாப்பான ஒவ்வோர் இணையத்தளமும் தன்னை நிரூபிக்கச் சான்றிதழ் ஒன்றைக் காட்டும். கடப்பிதழைப் போல அதற்கும் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. 2019இல் இருப்பதாக நம்பும் கணினிக்கு, இந்த ஆண்டு வழங்கிய சான்றிதழ் இன்னும் பிறக்காத ஒன்று. எனவே நம்ப மறுக்கிறது. உரிமத்தைச் சரிபார்க்கும் தளமும் அதே கதிதான்.

கடிகாரம் ஏன் பின்னால் போனது? கணினியை அணைத்த பிறகும் நேரத்தை எண்ணிக்கொண்டிருக்க, தாய்ப்பலகையில் ஒரு சிறு குவார்ட்ஸ் படிகம் விநாடிக்கு 32,768 தடவை அதிரும். அந்த எண்ணைப் பாதியாக்கிக்கொண்டே போனால், பதினைந்தாவது முறையில் சரியாக ஒன்று வரும். அதுவே ஒரு விநாடி. கணினி மின்சாரத்தில் செருகியிருக்கும்வரை படிகத்துக்குத் தேவையான சிறு மின்னோட்டம் அங்கிருந்தே கிடைத்துவிடும். ஆனால் அந்தக் கடையில் இரவு பூட்டும்போது சுவரிலுள்ள முதன்மை விசையையே அணைத்துவிடுவார்கள். அப்போது படிகத்தைக் காப்பாற்ற இருப்பது காசு வடிவிலான ஒரு 3 வோல்ட் மின்கலம் மட்டும். அது பல ஆண்டு உழைத்துத் தீர்ந்திருந்தது. ஒவ்வொரு நாள் காலையும் கணினி 2019இல் கண்விழித்தது.

அன்று கையாலேயே தேதியைச் சரிசெய்தேன். எக்செல் உடனே திறந்தது. "அண்ணே, நாளைக்குக் காலையில மறுபடியும் இதேதான் வரும், பாருங்க," என்றேன். வந்தது. இப்போது காரணம் ஊகம் அல்ல. மின்கலத்தை வாங்கி, கணினியை மின்சாரத்திலிருந்து பிடுங்கிவிட்டு, பெட்டியைக் கழற்றி மாற்றினோம். அவர் வழக்கம்போல முதன்மை விசையை அணைத்துவிட்டுக் கடையைப் பூட்டினார். மறுநாள் காலை 8 மணிக்கு ஒரு படம் அனுப்பினார்: எக்செல் திறந்திருந்தது, மூலையில் அன்றைய தேதி.